வில்லியர் வேட்டையும் நிழற்படமும்

சென்னையிலிருந்து மாமல்லபுரத்திற்குக் கடலோரச் சாலை வழியே செல்வோர், முட்டுக்காட்டுக் கழியையும் கோவளத்தையும் கடந்தபின் வடநெம்மேலி, நெம்மேலி என்னும் இரண்டு ஊர்களைக் காண்பர். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையே மணல்மேடும் சவுக்குத் தோப்பும் பனையும். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ஆம் ஆண்டில் நெம்மேலியில் தொடங்கப்பெற்ற பிறகு சென்னை மக்களுக்கு அவ்வூரின் பெயர் நன்கு பழகிவிட்டது. வடநெம்மேலியோ முதலைப் பண்ணையால் பேர்பெற்றது. அந்தப் பண்ணையின் வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. முதலைகளைப் பார்த்துக் களைத்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் கடைசியாக எட்டிப்பார்க்கும் இடம் அது. அங்கே பாம்பைப் பார்ப்போர் பலர். அதைப் பிடித்து நிற்கும் மனிதரைப் பார்ப்போர் சிலரே. அந்த மனிதரின் முன்னோர் செய்த வேட்டையைப் பற்றியும், அவ்வேட்டையையும் பிறருடைய வேட்டையையும் படம்பிடித்து வைத்தவர்களைப் பற்றியும் இன்று சில செய்திகளைச் சொல்ல எண்ணுகிறேன்.

பழைய நூலொன்றிலிருந்து தொடங்குவோம். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்று ஒரு பாட்டு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. 500 அடி கொண்டது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் புகழ்வது. பரிசில் பெறச் செல்லும் பாணன் தொண்டை நாட்டைக் குறுக்கே கடந்து போகிறான். வழியில் எயினர் குடியிருப்பு வருகிறது. எயினப் பெண்கள் இரும்புப் பூண் கட்டிய கோலால் கரம்பு நிலத்தைக் கிளறி, எறும்பு சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்து வருகிறார்கள். நிலத்திலே குழித்த உரலில் அதைக் குற்றி, உவர்க்கிணற்று நீரை உலையேற்றிச் சமைத்து, உலர்ந்த இறைச்சியோடு தேக்கிலையில் இட்டு விருந்தினனுக்குக் கொடுக்கிறார்கள். ஆடவர் இரவிலே நீர்த்துறையருகே குழியில் பதுங்கிப் பன்றிக்காகக் காத்திருக்கிறார்கள். அது தப்பினால் பகலிலே நாயும் வலையும் கொண்டு புதர்களைக் கலைத்துக் குறுமுயல் பிடிக்கிறார்கள். மற்றோரிடத்தில், நாய் கவ்விவந்த உடும்பின் பொரியலைச் சிவந்த சோற்றோடு பெறுவாய் என்று பாணனுக்குச் சொல்லப்படுகிறது. சினையுற்ற உடும்பு என்று கூடப் புலவர் குறிக்கிறார். சமைத்தவர் அருகே இருந்து பார்த்தவர்க்கன்றி இது தோன்றாது.

இந்தக் காட்சியிலே நான் வியப்பது வீரத்தை அன்று. எறும்பின் களஞ்சியத்தைத் தேடிக் கோலால் கிளறும் அந்தப் பெண்ணையே. அவள் பொறுக்குவது உழவன் விட்டதைக்கூட அன்று, எறும்பு சேர்த்ததை. வேட்டை என்றவுடன் நம் மனக்கண்ணில் வில்லும் புலியும் வருகின்றன. ஆனால் பசியாறுவதற்காக வேட்டையாடிய மக்களின் வாழ்வில் புலிக்கு இடம் சிறிதே. மண்ணைக் கிளறுதல், வளையை அறிதல், காத்திருத்தல் ஆகிய இவையே அவர்களுடைய வேட்டையின் பெரும்பகுதி.

அதே நிலத்தில், சில நூற்றாண்டு கழித்து, மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் பல்லவச் சிற்பிகள் உளி பிடித்தனர். அருச்சுனன் தவம் என்பார் சிலர். கங்கை இறங்கிய காட்சி என்பார் சிலர். வழக்கு எப்படியாயினும், அங்கே மரங்களிடையே வில்லேந்திய வேடர் இருக்கிறார்கள். பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மானும், எலிகளை நம்பவைத்துத் தவம் செய்யும் பூனையும் இருக்கின்றன. தவக்கதையின் முடிவை நேயர்கள் அறிவர். ஒரே பன்றியின் மேல் இரண்டு அம்புகள் பாய்கின்றன. ஒன்று அரசகுமாரனுடையது, மற்றொன்று வேடனுடையது. பன்றி யாருக்கு உரியது என்பதே சண்டை. கதையில் வேடனாக வந்தவர் சிவபெருமானாதலால் வழக்கு எளிதாகத் தீர்ந்தது. மண்ணுலக வேடருக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

செங்கற்பட்டுப் பகுதியின் வேடர்கள் இருளர். வில்லியர் என்ற பெயரும் அவர்களுக்கு உண்டு; வில் மறைந்த பின்னும் பெயர் நின்றுவிட்டது. நீலகிரிச் சரிவுகளிலும் இருளர் உண்டு. ஆயினும் அவர்கள் வாழ்க்கைமுறை வேறு. 2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1,90,000 பேர். நம் கடலோரச் சமவெளி இருளர் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் குடிசை கட்டி, காடு சுருங்கச் சுருங்க வயல் வரப்பையே காடாகக் கொண்டு வாழ்ந்தவர். அவர்கள் வேட்டையில் தலையாயது எலி.

எலி வேட்டை என்றதும் முகம் சுளிப்போர் சற்றுப் பொறுக்க வேண்டும். அறுவடைக்காலத்தில் வயலில் வளை தோண்டி வாழும் எலி நெற்கதிரைத் துண்டித்து இழுத்துச் சென்று நிலத்தடியில் அறை அறையாகச் சேமிக்கிறது. வரப்பெலி என்பது இதில் கைதேர்ந்தது. வெள்ளெலி, புல்லெலி என வேறு வகைகளும் உண்டு. எந்த வளையில் எந்த எலி, அது இப்போது உள்ளே இருக்கிறதா, எத்தனை வாயில்கள் உண்டு என்பவற்றையெல்லாம் இருளர் மண்ணைப் பார்த்தே சொல்வர். வாயிலருகே புதுமண் ஈரத்தோடு குவிந்திருந்தால் ஆள் வீட்டில் இருக்கிறார் என்று பொருள். வரப்பெலி உள்ளே சென்றதும் வாயிலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஆகவே அடைத்த கதவே அதனைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

வேட்டைக்கருவிகள் மிகச் சில. ஒரு கடப்பாரை, ஒரு மண்பானை, ஒரு பை. பானையின் அடியில் ஒரு துளை இருக்கும். பானைக்குள் வைக்கோலும் பச்சிலையும் திணித்துத் தீ மூட்டுவர். வளையின் ஒரு வாயிலைத் தவிர மற்றவற்றை மண்ணிட்டு அடைப்பர். திறந்த வாயிலில் பானையின் வாயைப் பொருத்தி, இடுக்குகளைச் சேறு கொண்டு பூசி, அடித்துளையில் தம் வாயை வைத்து ஊதுவர். புகை முழுவதும் வளைக்குள் போகும். சிறிது நேரத்தில் எலிகள் மயங்கும். பிறகு கடப்பாரையால் தோண்டி ஒவ்வொன்றாக எடுப்பர். தோண்டும்போது நெற்கதிர் அறைகளும் கிடைக்கும். ஒரு பெரிய வளையில் ஒரு குடும்பத்திற்குச் சில வேளைச் சோற்றுக்கான நெல் கிடைப்பதுண்டு. எறும்பின் புல்லரிசியைக் கிளறிய எயினப் பெண்ணை இங்கே மீண்டும் பார்க்கிறோம் அல்லவா? எறும்புக்குப் பதில் எலி. புல்லரிசிக்குப் பதில் நெல். இரும்புப் பூண் கோலுக்குப் பதில் கடப்பாரை.

அந்தப் பானையை ஊதுவது எளிய செயல் அன்று. சூடேறிய ஓட்டில் உதடு சுடும். புகையின் ஒரு பகுதி ஊதுபவர் நெஞ்சுக்குள்ளும் போகும். ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தவர்க்கு இருமலும் மூச்சிரைப்பும் கண்ணெரிச்சலும் வாழ்நாள் துணையாகிவிடுகின்றன. இந்த இன்னலைக் கண்டு, கையால் சுற்றும் விசிறி பொருத்திய எஃகுக் கருவியொன்றை 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்து இருளரிடையே வழங்கினார்கள். ஊதுவது கையின் வேலையாயிற்று, உதடு தப்பியது.

பிடித்த எலியைத் தீயில் வாட்டி மயிர் நீக்கித் தூய்மை செய்து, சுட்டும் குழம்பு வைத்தும் உண்பர். வயல் எலி நெல் தின்று வளர்வது. சாக்கடை எலியோடு அதனை ஒன்றாக எண்ணுவது அறியாமை. வயலுடையார் இந்த வேட்டையைத் தடுப்பதில்லை. ஏன் தடுக்கவேண்டும்? காசு கொடுத்து நஞ்சு வாங்கி வைத்தாலும் ஆகாத வேலை காசில்லாமல் நடக்கிறது. தோண்டிய வரப்பை மூடிவிட்டுப் போனால் போதும் என்பதே அவர்கள் எதிர்பார்ப்பு. இவ்வாறு காப்பாற்றப்பட்ட நெல்லை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் யாரும் இருளர் பேரில் வரவு வைக்கவில்லை.

எலிக்கு அடுத்தபடியாக உடும்பு, முயல், கௌதாரி, காடை, ஏரியோரத்துக் கானாங்கோழி என அவரவர் திறமைக்கும் பருவத்திற்கும் ஏற்ப வேட்டை அமைந்தது. மழை விழுந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல் புறப்படும். புற்றருகே குழி வெட்டி விளக்கு வைத்தால் ஒளியை நோக்கி வந்து விழும். அதை வறுத்து அரிசியோடு சேர்த்துத் தின்னும் சுவையை இருளர் அல்லாத நாட்டுப்புறத்தாரும் நன்றாகவே அறிவர். பட்டணத்திற்கு வந்தபின் மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வது வேறு.

இதே மாவட்டத்தில் வேறொரு வகை வேட்டையும் நடந்தது. வேடந்தாங்கல் என்ற பெயரை எண்ணிப் பாருங்கள். வேடனின் தாங்கல், அதாவது வேடனின் சிற்றேரி. அவ்வேரியின் நடுவே நிற்கும் கடப்ப மரங்களில் ஆண்டுதோறும் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை ஊரார் கண்டிருந்தனர். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் வந்து அப்பறவைகளைச் சுடலாயினர். ஊரார் பொறுக்கவில்லை, செங்கற்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798-இல் அவர்களுக்குக் கவுல் கிடைத்தது. ஏரியில் பறவையைச் சுடலாகாது என்பது உறுதியாயிற்று. 1858-இலும் ஊரார் அந்த உரிமையைக் கலெக்டரிடம் புதுப்பித்துக்கொண்டனர். 1936-இல் அவ்விடம் புகலிடமாக ஏற்கப்பெற்றது. இந்தியாவின் பழைமையான பறவைப் புகலிடங்களுள் ஒன்று, துப்பாக்கி பிடித்தவர்கள்மீது உழவர் கொடுத்த புகாரினால் உண்டாயிற்று என்பதை நாம் அடிக்கடி நினைவுகூர்வதில்லை.

சிப்பாய் சுட்டது பசிக்காக அன்று, பொழுதுபோக்கிற்காக. 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பொழுதுபோக்கு ஒரு பெருங்கலையாகவே வளர்க்கப்பட்டது. அதற்குச் சங்கங்கள் எழுந்தன, விதிகள் பிறந்தன. நீலகிரியில் 1877-இல் வேட்டைச் சங்கம்; 1879-இல் வேட்டைவிலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். 1878-இன் ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியர்க்கு அதில் விலக்கு. 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தபின், ஒதுக்கப்பட்ட காட்டுக்குள் இருளர் கிழங்கு தோண்டுவதும் முயல் பிடிப்பதும் காவலர் தயவில் நிற்கும் செயல்களாயின. விலங்கைக் காப்பது என்ற நோக்கம் அவற்றில் இருந்தது உண்மையே. ஆனால் யாருக்காகக் காத்தார்கள் என்று கேட்டால், துப்பாக்கியோடு வருபவருக்காகவே என்ற விடை பாதிக்கு மேல் சரியாக இருக்கும். பன்றி யாருக்கு உரியது என்ற பழைய வழக்கில் இம்முறை அரசகுமாரன் வென்றுவிட்டான்.

இத்தருணத்தில்தான் படப்பெட்டி நாட்டுக்குள் வருகிறது. 1850-களிலேயே சென்னை மாகாணத்தில் புகைப்படக்கலை வேரூன்றிவிட்டது. ஆயினும் அன்றைய முறையில் ஒரு படம் எடுப்பது பெரும்பாடு. கண்ணாடித் தகட்டின்மேல் மருந்தைப் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்து, ஈரம் காயுமுன்னரே இருட்டறையில் கழுவியாக வேண்டும். காட்டுக்குப் போனால் இருட்டறையையும் கூடாரமாகச் சுமந்துகொண்டே போகவேண்டும். தகடு ஒளியைப் பற்றுவதற்குச் சில விநாடிகள் எடுக்கும். அந்த விநாடிகளில் எதுவும் அசையலாகாது. பாயும் புலியிடம் யார் போய் நிற்கச் சொல்வது?

வில்லபி வாலஸ் ஹூப்பர் என்னும் சென்னைக் குதிரைப்படை அதிகாரி அதற்கு ஒரு வழி கண்டார். ஏறத்தாழ 1870-ஆம் ஆண்டையொட்டி அவரும் வெஸ்டர்ன் என்னும் தோழரும் சேர்ந்து புலி வேட்டைப் படவரிசை ஒன்றை உருவாக்கினர். புறப்பாடு, தேடல், புலியின் பாய்ச்சல், வீழ்ச்சி, கூடாரத்திற்குக் கொண்டுவருதல் என்று கதைபோல அடுத்தடுத்து வரும் படங்கள் அவை. பாய்கின்ற புலி உயிருள்ள புலி அன்று. செத்த புலியைப் பொருத்தி நிறுத்தி எடுத்த காட்சி. பார்ப்பவர் மெய்சிலிர்த்தனர், படங்கள் நன்றாக விற்றன. வேட்டையைப் படம்பிடித்தார் என்பதைவிட, படத்திற்காக வேட்டையை நடித்துக்காட்டினார் என்பதே பொருந்தும். வேட்டைக்காரர் நடுவில், காட்டைக் கலைத்தவரும் புலியைச் சுமந்தவரும் ஓரத்தில், பெயரின்றி.

சில ஆண்டுகளில் அதே ஹூப்பர் வேறுவகைப் படங்கள் எடுத்தார். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டியது. தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் அஞ்சிச் சொல்லிய பஞ்சம் அதுவே. எலும்பும் தோலுமாய் நின்ற குடும்பங்களை வரிசையாக உட்காரவைத்து அவர் எடுத்த படங்கள் உலகெங்கும் சென்றன. அந்த மக்களும் அசையாமல் இருந்தார்கள், அசைய வலுவில்லை. இவற்றைக் கண்டவர் உள்ளம் நடுங்கி உதவியதும் உண்டு. படம் எடுத்த பின் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டதும் உண்டு. 1886-இல் பர்மாவில், மரண தண்டனை நிறைவேறும் கணத்தைத் தகட்டில் பிடிப்பதற்காகச் சுடும் ஆணையைத் தாமதப்படுத்தினார் என்று ஹூப்பர்மீது குற்றச்சாட்டு எழுந்து, விசாரணை நடந்து, கண்டனமும் பெற்றார். செத்த புலியில் தொடங்கிய பழக்கம் எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

இருளரைப் படம்பிடித்தவர் கதை வேறு. எழும்பூர் அரும்பொருட்காட்சியகத்தின் தலைவராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். கே. ரங்காச்சாரியாரின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் எழுதி 1909-இல் வெளியிட்டார். இன்றும் பயன்படும் செய்திக் களஞ்சியம் அது, மறுப்பதற்கில்லை. மூக்கின் நீளம், தலையின் அகலம், உடலின் உயரம் என்று கருவிகொண்டு மக்களை அளந்தார். அளந்தவர்களைப் படமும் எடுத்தார். அளப்புக்கு ஆட்பட்டவர் என்ன நினைத்தனர் என்பதையும் அவரே நகைச்சுவையாகக் குறித்து வைத்திருக்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களுள் நல்ல மாதிரிகளைத் தேர்ந்தெடுத்துப் பஞ்சடைத்துச் சென்னைக் காட்சியகத்தில் வைக்கப்போகிறார் என்று அஞ்சினராம். நீலகிரியில் ஓர் இருளர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று கருதி அளக்க விடவே மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டன் சிரித்தார், அவருடைய வாசகர்களும் சிரித்தனர். எனக்கு மட்டும் அந்த இருளருடைய அச்சம் முழுதும் பிழை என்று தோன்றவில்லை. காட்சியகத்தில் பஞ்சடைத்த புலியும் மானும் நிற்பதை யாவரும் அறிவர். அந்தக் கட்டடத்திலிருந்து ஒருவர் அளவுகோலோடும் கறுப்புப் பெட்டியோடும் மலைக்கு வந்தால், வேட்டைத் தொழிலிலேயே பிறந்து வளர்ந்த மக்களுக்கு வேறென்ன தோன்றும்? இரைதேடி வருபவரின் நடையை அவர்கள் நன்றாக அறிவார்கள். நம் மொழியில் இக்கலைக்குப் புகைப்படம் என்று பேர் அமைந்ததும், வளையில் புகையூதி எலி பிடிப்பவர்முன் அது வந்து நின்றதும் தற்செயலான பொருத்தமே. என்றாலும் என் நினைவைவிட்டு அகலவில்லை.

துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டுப் படப்பெட்டியை எடுத்தவர்களும் இருந்தனர் என்று சொல்லவேண்டியது நியாயம். வனத்துறையில் பணியாற்றிய எஃப். டபிள்யூ. சாம்பியன், காட்டுப்பாதையில் கண்ணுக்குத் தெரியாத கம்பியைக் கட்டி, அதை இடறும் புலி தன்னைத் தானே படமெடுத்துக்கொள்ளும்படி செய்தார். அவருடைய நூல் 1927-இல் வந்தது. நம் சென்னையிலோ மா. கிருஷ்ணன் இருந்தார். 1912-இல் பிறந்தவர், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல பழைய பெட்டிகளின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே கட்டிய பெரிய படப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு யானைக்கூட்டங்களின் பின்னால் அலைந்தவர். வண்ணப்படங்களை அவர் மதித்ததில்லை. கறுப்பு வெள்ளையே போதும் என்றிருந்தார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் இதழில் இயற்கை பற்றி விடாமல் எழுதினார். தமிழிலும் பறவைகளைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் தெளிவான நடையில் எழுதியிருக்கிறார். இத்தகையோரின் படங்களில் விலங்கு செத்த பொருளாக இல்லை. அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் இந்த மாற்றமும் இருளர் வீட்டு வாயிலில் ஒரு விலை கேட்டது. சென்னை ஒரு காலத்தில் பாம்புத் தோல் வாணிகத்தின் பெரிய சந்தை. பதனிடும் தொழிலகங்களுக்குத் தோல் வேண்டும். கைப்பைக்கும் காலணிக்கும் வெளிநாட்டில் கிராக்கி. நாகத்தைக் கன்னியம்மனோடு சேர்த்தெண்ணும் இருளரே, வயிற்றுக்காகப் பாம்பைப் பிடித்துத் தோல் வியாபாரியிடம் கொடுத்தனர். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-இல் பாம்புத் தோல் ஏற்றுமதி தடைப்பட்டது. இரண்டும் வேண்டிய செயல்களே. பாம்பு அழிந்தால் எலி பெருகும். எலி பெருகினால் நெல் போகும். ஆயினும் தோலில் பெரும்பணம் பார்த்தவர் வேறு தொழிலுக்கு மாறிக்கொள்ள, ஒரு தோலுக்குச் சில காசு பெற்றவர் அடுப்பு அணைந்தது. பெரும்பாணாற்றுப்படைக் காலத்திலிருந்து இந்நிலத்தின் உணவாயிருந்த உடும்பும் சட்டத்தின் முதற்பட்டியலில் ஏறிற்று. அதைப் பிடித்தால் சிறை. எலி மட்டும் அன்று தீங்குயிர்ப் பட்டியலில் வைக்கப்பட்டமையால் தப்பியது. இல்லை, இருளர் தப்பினர். மற்றவர் செங்கற்சூளைக்கும் அரிசி ஆலைக்கும் சவுக்கு வெட்டுக்கும் முன்பணம் வாங்கிக்கொண்டு போனார்கள். முன்பணம் சிறிது, அதைக் கழிக்கத் தலைமுறையே போதாமற்போன குடும்பங்கள் உண்டு.

கிண்டியில் பாம்புப் பண்ணை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கர், அமெரிக்காவில் பிறந்து இந்தியாவில் வளர்ந்தவர். பாம்பறிவில் இருளரைத் தம் ஆசிரியராகக் கொண்டவர். வடநெம்மேலியில் 1976-இல் முதலைப் பண்ணை எழுந்தது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கொல்லாமல் பிடிப்பது; நஞ்சை எடுப்பது; மீண்டும் காட்டில் விடுவது என்பதே அதன் திட்டம். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நால்வகைப் பாம்பை வனத்துறை வரையறுக்கும் எண்ணிக்கைக்குள் பிடிக்கிறார்கள். வாய் கட்டிய மண்பானைகளில் மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, வாரத்திற்கு ஒருமுறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அடையாளம் காட்டிக்கொடுக்கும். அந்த நஞ்சு குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக ஏற்றப்பட்டு, அவற்றின் குருதியிலிருந்து மருந்து உண்டாகிறது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவருள் மிகப்பெரும்பாலோர் நாட்டுப்புறத்தார். மருந்து கிடைத்துப் பிழைத்தவர்களுள் பலர் இந்த மணற்கரையில் எடுத்த நஞ்சினால் பிழைத்தவர்கள்.

இருளரின் வேட்டைத்திறன் 2017-இல் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்புகள் பெருகி மற்ற உயிர்களைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. உள்ளூர் வேட்டைக்காரர்கள் திணறிய இடத்திற்கு மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இரண்டு இருளர்கள் அழைக்கப்பட்டனர். இரண்டு வாரத்திற்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தனர்; அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. புளோரிடாவில் அவர்கள் எடுத்த, எடுக்கப்பட்ட படங்கள் எல்லா நாளிதழ்களிலும் வந்தன. அவற்றில் அவர்கள் ஓரத்தில் இல்லை; பெயரோடு நடுவில் நிற்கிறார்கள்.

வடநெம்மேலியில் நஞ்செடுக்கும் காட்சியை இன்று கட்டணம் செலுத்திப் பார்க்கலாம். இருளர் ஒருவர் கொக்கியால் பாம்பைத் தூக்கி, விரலால் தலையைப் பற்றி, கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் கடிக்கவைக்கிறார். சுற்றிலும் கைபேசிகள் உயர்கின்றன. அங்கே நான் நின்றிருந்தபோது, கூட்டத்தில் ஒரு சிறுவன் மட்டும் படமெடுக்காமல், பாம்பின் பெயரைக் கேட்காமல், ‘உங்க பேரு என்ன?’ என்று அவரையே கேட்டான். அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துப் பெயரைச் சொன்னார்; பிறகு பாம்பைப் பானைக்குள் இறக்கித் துணியைக் கட்டினார்.

மாசி மகத்தன்று இருளர் பல மாவட்டங்களிலிருந்தும் மாமல்லபுரக் கடற்கரைக்கு வந்து கூடுவர். துணிக்கூடாரம் அடித்து மணலிலே இரவைக் கழிப்பர். கடலில் இருக்கும் கன்னியம்மனுக்கு ஈர மணலால் படிகள் கட்டிப் பூவும் பழமும் பொட்டுக்கடலையும் படைப்பர். திருமணப் பேச்சுகள் அங்கேயே முடிவாகும். சில திருமணங்களே அங்கு நடக்கும். விடியுமுன் பட்டணத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் படக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். சாமி ஆடும் பெண்ணின் முகத்தருகே கண்ணாடிவில்லைகள் நெருங்குகின்றன. இருளர் இளைஞர் பலர் கையிலும் இப்போது கைபேசி உண்டு. அவர்களும் தம் பாட்டியையும் புதுமணப் பெண்ணையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். பொழுது ஏறியதும் மணற்படிகளை அலை கரைக்கிறது. குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு பேருந்து நிலையத்தை நோக்கி நடக்கின்றன. பிள்ளைகள் சிலர் பெரும்பாறைச் சிற்பத்தின் முன் நின்று, மரங்களிடையே வில்லோடு நிற்பவர்களைத் தேடிக் கண்டுபிடித்து விரலால் சுட்டிக்காட்டுகிறார்கள்.